மண் கலந்த பால்

லாபிஸில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால் நான்கு மாதமாகக் கிடக்கிறது. குப்பை லோரி வரும் நாளில் நான் எடுத்துப் போடுவேன். மாலையில் பார்த்தால் அது பழைய இடத்திலேயே இருக்கும். அப்பா எறிய விடமாட்டார்.

சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் அது ஒடிந்தது. சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பின்பக்கத்துக் கால் படக்கென்று முறிந்தது. கீழே விழும்போது கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது. எழுபத்தொரு வயதில் எலும்பு கூடுவது சாதாரணமில்லை. ஆறு வாரம் கட்டு, அதற்குப் பிறகு பயிற்சி. இன்னும் பால் டின் மூடியை இடது கையால்தான் திறக்கிறார்.

விழுந்தவரைத் தூக்கிவிட எல்லாரும் ஓடினோம். அவரோ முறிந்த காலை எடுத்து, முறிந்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் வெள்ளையாக மாவு ஒட்டியது. "பார்த்தியாம்மா, மண்ணைக் கலந்துட்டான்" என்றார். வலியைவிட அந்தக் குரலில் கோபம்தான் அதிகம் இருந்தது. ஒரு நாற்காலிக்கு இவ்வளவு கோபமா என்று அப்போது நினைத்தேன்.

அது நாற்காலி மீதான கோபமில்லை. அப்பா பால்மரம் வெட்டியவர். எழுபதுகளின் கடைசியில், இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், அவர் கொண்டுபோன ஒட்டுப்பால் மூட்டையில் மணல் இருந்தது என்று ஸ்டோரில் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். எடை கூட்டுவதற்காக மணல் கலந்தார் என்று பேச்சு. முதல் நாள் மழையில் மங்குகள் கவிழ்ந்து, பால் தரையில் ஒழுகி உறைந்திருந்தது. அதைத்தான் உரித்து எடுத்து வந்தேன் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பிடித்த பணம் சில வெள்ளிதான். "மண்ணு கலந்தவன்" என்ற பெயர் மட்டும் லயத்தில் ஒரு வருஷம் ஓடியது. வீட்டில் இந்தக் கதையை நாங்கள் நூறு தடவை கேட்டிருக்கிறோம்.

நான் வானொலியில் பேசிப் பிழைப்பவள். படித்தது ஊடகத் துறை. வேதியியலுக்கும் எனக்கும் ஐந்தாம் படிவத்தோடு உறவு முடிந்தது. ஆனால் அப்பா சொன்னது சரியா என்று தெரிந்துகொள்ளாமல் விட மனம் வரவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்த பதில் அவருக்குப் பிடிக்காத பதில். ஆமாம், கலந்துதான் இருக்கிறார்கள். கலப்பது தப்பில்லை. கலக்காமல் விட்டிருந்தால் நாம் ஓட்டும் காரின் டயரும் இல்லை, பம்பரும் இல்லை.

44 மைக்ரோன் சல்லடை

முதலில் அப்பாவின் ஒட்டுப்பாலுக்கு வருவோம். 1965-இல் மலேசியா ரப்பருக்கு ஒரு தர முறையைக் கொண்டு வந்தது. எஸ்.எம்.ஆர். என்று சொல்வார்கள். அதுவரை ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறத்தையும் குமிழியையும் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தார்கள். புதிய முறையில் ஆய்வுக்கூடம்தான் தீர்ப்புச் சொல்லும். அதில் முதல் கேள்வியே 'அழுக்கு எவ்வளவு' என்பதுதான்.

சோதனை எளிது. ரப்பர்த் துண்டு ஒன்றைச் சூடான கரைப்பானில் கரைக்கிறார்கள். கரைசலை ஒரு மெல்லிய சல்லடையில் வடிகட்டுகிறார்கள். சல்லடைக் கண்ணின் அளவு 44 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபத்து மூன்றில் ஒரு பங்கு. வடிந்தபின் சல்லடையில் நிற்பதுதான் அழுக்கு. மணல், பட்டைத் துணுக்கு, இலை எல்லாம் அதில் சேர்த்தி. எஸ்.எம்.ஆர். 20 என்ற தரத்தில் இது 0.16 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஒரு கிலோ ரப்பரில் 1.6 கிராம். எஸ்.எம்.ஆர். 10 என்றால் 0.08. வெளிர் நிறமான எஸ்.எம்.ஆர். எல் என்றால் வெறும் 0.02. தரத்தின் பெயரில் உள்ள எண்ணே அழுக்கின் ஜாடைதான்.

ஏன் இத்தனை கெடுபிடி? ரப்பருக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மணல் மணியை நினைத்துப் பாருங்கள். ரப்பர் இழுபடும், மணல் இழுபடாது. ரப்பர் மணலோடு ஒட்டியும் இருக்காது. இழுக்கும்போது மணியைச் சுற்றி ஒரு சிறு இடைவெளி திறந்துகொள்ளும். அந்த இடைவெளி வெடிப்பின் தொடக்கம். டயர் லட்சக்கணக்கான தடவை அமுங்கி நிமிரும்போது அந்த வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளரும். ஒருநாள் கிழியும்.

இப்படிச் சொட்டு மணலுக்குக் கூலியைப் பிடித்து, சல்லடை போட்டுச் சலித்து, சுத்தமாக்கி அனுப்பிய ரப்பரை வாங்கிய தொழிற்சாலை அடுத்த நிமிடம் என்ன செய்கிறது தெரியுமா? மூட்டை மூட்டையாகத் தூளைக் கொட்டிக் கலக்கிறது. கரித்தூள், வெண்களிமண், சுண்ணாம்புக்கல் மாவு, சிலிக்கா. ஒரு டயரின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இப்படிக் கலந்த தூள்தான். வீட்டு வாசலில் போடும் ரப்பர் விரிப்பு, ஸ்லிப்பரின் அடிப்பாகம் போன்றவற்றில் இது இன்னும் அதிகமாகவும் இருக்கலாம்.

இதை அப்பாவிடம் சொன்னபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாங்க கலந்தா திருட்டு, அவன் கலந்தா விஞ்ஞானமா?"

நல்ல கேள்வி. பதில் தூளின் பருமனில் இருக்கிறது.

ஒரு கிராமில் ஒரு பூப்பந்துக் கூடம்

டயரில் போடும் கரித்தூளின் ஒரு துகள் சுமார் 30 நானோமீட்டர். 44 மைக்ரோன் சல்லடைக் கண்ணில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துகள்கள் ஒரே வரிசையாகத் தோளோடு தோள் உரசிப் போய்விடும். இவ்வளவு சின்னதாக அரைபட்டால் மேற்பரப்பு பெருகிவிடும். நல்ல டயர்க் கரி ஒரு கிராமின் மொத்த மேற்பரப்பு 80 சதுர மீட்டர் வாக்கில் வரும்; கிட்டத்தட்ட ஒரு முழுப் பூப்பந்துக் கூடம். சிலிக்கா என்றால் ஒரு கிராமில் இரண்டு கூடம். அத்தனை பரப்பிலும் ரப்பரின் நீண்ட இழைகள் படர்ந்து பற்றிக்கொள்கின்றன. மணல் மணி வெடிப்பைத் தொடங்கி வைக்கிறது. இந்தத் துகள்களோ வழியில் வரும் வெடிப்பைத் திசை திருப்பி அலைக்கழிக்கின்றன. மண் ஒன்றுதான், பருமன் மாறினால் குணமே மாறுகிறது.

மிஷெலின் டயர் நிறுவனத்தின் சின்னமான அந்தக் குண்டு மனிதனைப் பார்த்திருப்பீர்கள். டயர்களை அடுக்கிச் செய்த உடம்பு, ஆனால் நிறம் வெள்ளை. 1898-இல் அவன் பிறந்தபோது டயர்களே வெளிர் நிறம்தான். அப்போது ரப்பரில் துத்தநாக ஆக்சைடு போன்ற வெள்ளைத் தூள்களைத்தான் கலந்தார்கள். 1904-இல் லண்டனின் சில்வர்டவுன் ரப்பர் ஆலையில் எஸ்.சி. மோட் என்பவர் கரித்தூளைக் கலந்து பார்த்தார். ரப்பர் தேயாமல் பல மடங்கு உழைத்தது. டயர் கறுத்தது அதற்குப் பிறகுதான்.

இதில் நம் மரத்துக்கு ஒரு பெருமை உண்டு. இயற்கை ரப்பரை இழுத்தால் அதன் இழைகள் தாமே வரிசைகட்டிப் படிகமாகி இறுகும். அதனால் தூளே கலக்காவிட்டாலும் அது வலுவானதுதான். தூள் சேர்ப்பது முக்கியமாகத் தேய்மானத்துக்கும் விறைப்புக்கும். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பர் தூள் இல்லாமல் எதற்கும் உதவாது. கரித்தூள் சேர்ந்தால்தான் அதன் இழுவலிமை சுமார் பத்து மடங்காக உயர்கிறது.

கலந்தால் மட்டும் போதாது, பரவ வேண்டும். உப்புமா கிண்டியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ரவை கட்டி தட்டினால் வாயில் மாவு உருண்டை மாட்டுகிற மாதிரி, தூள் திரண்டு நின்றால் ரப்பருக்குள் அது மறுபடியும் ஒரு மணல் மணிதான். எவ்வளவு மெல்லிய தூளானாலும் பயனில்லை. அதனால்தான் 1916-இல் பான்பரி வடிவமைத்த மூடிய கலவை இயந்திரம் இன்றும் ரப்பர் ஆலைகளின் அடுப்படியாக இருக்கிறது. கெட்டியான மாவைப் பிசைகிற மாதிரி அது பிய்த்துப் பிய்த்து அரைக்கும்.

அடுத்த சிக்கல் சூடு. லாபிஸ் வழியாகப் போகும் கூட்டரசு சாலையில் நள்ளிரவில் போகிற லோரியின் டயரை, அது நின்றதும் தொட்டுப் பாருங்கள். கை சுடும். சாலையில் உரசுவதால் மட்டும் வரும் சூடில்லை அது. டயர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி நிமிர்கிறது. உள்ளே தூள்கள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல நிற்கின்றன. அமுங்கும்போது அந்த வலை அறுகிறது, நிமிரும்போது மறுபடி கூடுகிறது. அறுந்து கூடும்போதெல்லாம் கொஞ்சம் சக்தி சூடாக வீணாகிறது. ரப்பரோ சூட்டை வெளியே கடத்தாத பொருள். உள்ளே பிறந்த சூடு உள்ளேயே தங்கும். கனரக லோரிக்கும் விமானத்துக்கும் இன்றும் இயற்கை ரப்பரை அதிகம் சேர்க்கிறார்கள் என்றால், அது மற்றவற்றைவிடக் குறைவாகச் சூடேறும் என்பதே பெரிய காரணம்.

தூள் கலந்த ரப்பரை முதல் தடவை இழுப்பதுதான் கடினம், இரண்டாம் தடவை சுலபமாக வரும். முதல் இழுப்பிலேயே உள்கட்டு கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. இதற்கு முல்லின்ஸ் விளைவு என்று பெயர். அதை ஆராய்ந்த லியனார்ட் முல்லின்ஸ் வேலை செய்தது இங்கிலாந்தில் இருந்த ரப்பர் ஆய்வுக்கூடத்தில். அந்தக் கூடத்தை நடத்திய பணம் மலாயா ரப்பருக்கு விதித்த தீர்வையிலிருந்து போனது. 1974-இல் அது ஹெர்ட்ஃபோர்டுக்கு இடம் மாறி, துன் அப்துல் ரசாக் ஆய்வுக்கூடம் ஆனது. உலகத்துப் பொறியியல் மாணவர்கள் படிக்கும் அந்த விளைவில் ஜொகூர் மரங்களின் பாலும் சில துளி கலந்திருக்கும். இதைப் பாடப்புத்தகத்தில் எழுத மாட்டார்கள், நானாவது இங்கே எழுதி வைக்கிறேன்.

சூட்டைக் குறைக்க வழி மணலிலிருந்தே வந்தது. சிலிக்கா என்பது வேதியியல்படி மணல்தான். நானோ அளவில் இருக்கிறது, அவ்வளவே. அதற்கு ஒரு குறை. அதன் மேற்பரப்பு தண்ணீரை விரும்பும். ரப்பர் எண்ணெய் சாதி. இரண்டும் ஒட்டாது. சிலேன் என்ற பொருள் ஒரு கையால் சிலிக்காவையும் மறு கையால் ரப்பரையும் பிடித்துக்கொள்ளும். இந்தக் கல்யாணத் தரகரை வைத்து மிஷெலின் 1992-இல் சிலிக்கா டயரைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. உருளும்போது வீணாகும் சக்தி குறைந்தது, பெட்ரோல் மிச்சமானது. மலேசிய ரப்பர் வாரியம் எக்கோப்ரெனா என்ற பெயரில் தரும் எப்போக்சி ரப்பர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மரப்பாலையே சற்று மாற்றி, சிலிக்கா நேராக ஒட்டும்படி செய்திருக்கிறார்கள். தரகர் தேவையே குறைகிறது.

நாற்காலிக்குள் ஈப்போ மலை

இப்போது பின்வாசலில் கிடக்கும் நாற்காலிக் காலுக்கு வருகிறேன். அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். இருக்கையின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அதுதான். முறிந்த இடத்தில் அப்பா பார்த்த வெள்ளை மாவு பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். ஈப்போவுக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்தில் பாதி வெட்டப்பட்டு வெள்ளையாக நிற்கும் மலைகள் இருக்கின்றனவே, அந்த வகைக் கல்லைச் சில மைக்ரோன் அளவுக்கு அரைத்து பிளாஸ்டிக்கில் கலக்கிறார்கள். தண்ணீர்க் குழாயிலும் இது உண்டு. காரின் பம்பரிலும் உள்பலகையிலும் கலப்பது டால்க். முகத்துக்குப் பூசுகிறோமே, அதே பவுடர்க் கல். தாப்பா, பீடோர் பக்கத்துக் கயோலின் வெண்களிமண் ரப்பருக்கும் போகிறது, பீங்கானுக்கும் போகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. கல் மாவு பிளாஸ்டிக்கில் கட்டி தட்டாமல் பரவ, ஒவ்வொரு துகளுக்கும் ஸ்டியரிக் அமிலம் பூசுகிறார்கள். அந்த அமிலம் பெரும்பாலும் செம்பனை எண்ணெயிலிருந்து எடுப்பது. அப்பா வெட்டிய பால்மரங்களைச் சாய்த்துவிட்டு செம்பனை நட்டார்கள். அந்தச் செம்பனை இப்போது நாற்காலிக்குள் இருக்கும் கல்லுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறது.

கல் எவ்வளவு விறைப்பைத் தரும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மூலக் கணக்கு ஐன்ஸ்டைனுடையது. திரவத்தில் உருண்டைகள் மிதந்தால் அது எவ்வளவு கெட்டியாகும் என்று 1906-இல் வெளியிட்டார். அதில் கூட்டல் பிழை மாதிரி ஒன்று இருந்து, 1911-இல் திருத்தினார். (ஐன்ஸ்டைனே திருத்தியிருக்கிறார், நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்!) பின்னால் கூத், கோல்ட் என்ற இருவர் அதை ரப்பருக்குப் பொருத்தினார்கள். அந்தச் சூத்திரப்படி, கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு கல் கலந்தால் விறைப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். கல்லின் அடர்த்தி பிளாஸ்டிக்கைப் போல மூன்று மடங்கு. ஆகவே எடையில் பார்த்தால் அது 43 விழுக்காடு. ஒரு கிலோ நாற்காலியில் 430 கிராம் கல்!

தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறது, உறுதியானது என்று நினைத்து வாங்குகிறோம். அந்தக் கனம் கல்லின் கனமாக இருக்கலாம்.

கல் கலப்பதால் நன்மையும் நிறைய. வெறும் பாலிப்ரொப்பிலீன் வெயிலில் இளகிக் கால் பரப்பும். கல் இருந்தால் சூட்டிலும் வடிவம் நிற்கும். சூட்டில் நீளுவதும் குறையும். ஒன்றரை மீட்டர் பம்பர் ஒன்று காலைக் குளிரிலிருந்து மதிய வெயிலுக்கு 40 டிகிரி சூடேறினால், வெறும் பிளாஸ்டிக் என்றால் குறைந்தது 6 மில்லிமீட்டர் நீளும். பக்கத்தில் இருக்கும் இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. திருகாணி இருக்கும் இடம் பிதுங்கும். டால்க் கலந்தால் அந்த நீட்சி ஏறத்தாழ பாதியாகும். ஆலைக்காரருக்கும் லாபம் உண்டு. கல் பிளாஸ்டிக்கைவிட விரைவாகச் சூட்டைக் கடத்தும், கொஞ்ச சூட்டிலேயே சூடேறும், ஆறும். அச்சிலிருந்து நாற்காலி சீக்கிரம் வெளியே வரும்.

போவது என்ன? நெகிழ்வு. வெறும் பாலிப்ரொப்பிலீனை மெதுவாக இழுத்தால் தன் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்டுதான் அறும். கல் மாவு அதிகமானால், அதுவும் பருமட்டாக அரைத்த மாவானால், கொஞ்சம் நீண்டதுமே முறியும். விறைப்பு வேறு, முறியாமை வேறு. நாற்காலியில் நாம் மெதுவாக அமர்வதில்லை, தொப்பென்று உட்காருகிறோம். அந்த அதிர்ச்சியை வாங்க நெகிழ்வு வேண்டும். அளவாக, மெல்லியதாக, நன்றாகப் பூச்சுப் போட்ட கல் இதைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. சில நேரம் கூட்டவும் செய்யும். அளவு மீறினால்தான் வம்பு.

அப்புறம் வெயில். சூரிய ஒளி பாலிப்ரொப்பிலீன் இழைகளைத் துண்டு துண்டாக அறுக்கும். அதைத் தடுக்கும் மருந்தை ஆலையில் சேர்க்க வேண்டும், அது செலவு. மேற்பரப்பில் பிளாஸ்டிக் அரித்துப்போனதும் உள்ளே இருந்த கல் வெளியே வரும். பழைய நாற்காலியின் கைப்பிடியைத் தடவினால் உள்ளங்கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறதா? அது தூசி இல்லை. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் மறுபடி தடவியும் வெள்ளை ஒட்டினால், அந்த நாற்காலியில் வயதானவர்களை உட்கார வைக்காதீர்கள். கால் பிரியும் வளைவில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் அப்படித்தான்.

வாளியும் தண்ணீரும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சோதனை ஒன்று செய்து காட்டினேன். வெறும் பாலிப்ரொப்பிலீன் தண்ணீரில் மிதக்கும். அடர்த்தி 0.9 தான். எடையில் சுமார் 15 விழுக்காட்டுக்கு மேல் கல் கலந்தால் மூழ்கிவிடும். வேறு ஆய்வுக்கூடம் தேவையில்லை; ஒரு வாளி போதும். துண்டில் காற்றுக்குமிழி ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முறிந்த காலில் கட்டை விரல் அளவு அறுத்து வாளியில் போட்டேன். கல் மாதிரியே போய் அடியில் உட்கார்ந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், எங்கள் வீட்டில் நான் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து கிடக்கும் சிவப்பு நாற்காலியைத் தூக்கி வந்தார். அதன் அடியிலும் 5 என்று இருந்தது. இருக்கையின் ஓரத்தில் ஒரு துண்டு எப்போதோ விட்டுப்போயிருந்தது. அதைப் பிய்த்துப் போட்டார். மிதந்தது. ஐஸ்கிரீம் டப்பா மூடி மிதந்தது. காரின் உள்பலகையிலிருந்து உதிர்ந்த ஒரு துணுக்கு மூழ்கியது. அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போடும்வரை எதையாவது கொண்டுவந்து வாளியில் போட்டுக்கொண்டே இருந்தார்.

மூழ்குவதெல்லாம் மோசமில்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. காரின் உள்பலகை மூழ்கத்தான் வேண்டும். கதவை அடைத்து வெயிலில் நிறுத்தினால் அது 70 டிகிரியைத் தொடும், டால்க் இல்லாவிட்டால் வளைந்துவிடும். நாற்காலி ஒடிந்ததற்கும் கல் மட்டும்தான் காரணம் என்று வாளியை வைத்துச் சொல்ல முடியாது. வெயிலில் எத்தனை வருஷம் கிடந்தது, மறுசுழற்சிப் பிளாஸ்டிக் எவ்வளவு சேர்ந்தது, இதெல்லாம் தண்ணீருக்குத் தெரியாது.

அப்பா ஈரக்கையை வேட்டியில் துடைத்தார்.

"அந்தச் சல்லடை எத்தன மைக்ரோன்னு சொன்ன?"

"நாப்பத்து நாலுப்பா."

"மழையில தெறிக்கிற மணலு?"

"மணல்னாலே அறுபதுக்கு மேலதான். சல்லடையில நின்னுடும்."

கொஞ்ச நேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் கிடந்த நாற்காலித் துண்டை எடுத்து, தண்ணீரை உதறி, பழையபடி பின்வாசல் திண்டில் வைத்தார்.

"அப்ப இருந்திருக்கும். ஆனா நான் போடலம்மா" என்றார்.